இடது முன்சக்கரம்

பழைய பேரிங்கின் வெளி வளையம், சக்கரம் மாட்டும் குடமான ஹப்புக்குள்ளேயே இறுகிக் கிடந்தது. நல்லகாமன் இரும்புக் குச்சியை அதன் விளிம்பில் ஊன்றி, சுத்தியலால் இந்தப் பக்கம் ஓர் அடி, எதிர்ப்பக்கம் ஓர் அடி என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கமாக அடித்தால் வளையம் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர். மணி பத்தாகப் போகிறது. வளையம் நூலளவுகூட நகரவில்லை.

மகள் முத்துத்தாய் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அப்பா, அந்தச் சத்தம் அம்மாவுக்கு நெஞ்சுல இடிக்கிற மாதிரி இருக்காம். செத்த நேரம் நிப்பாட்டச் சொல்லுது."

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. அவருக்கு நேர் எதிரே ஐந்தடி தூரத்தில் ஜன்னல். காற்று வேண்டும் என்று மனைவி சீனியம்மாளின் கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் பத்து நாளாக அவள் தலையணைகளை அடுக்கி, அவற்றில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் இருந்தாள். வெயிலில் இருந்து பார்க்கும்போது ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் இருட்டாகத் தெரிந்தது.

"பின்னால கொண்டு போயி அடிக்கிறேன் ஆத்தா" என்றார்.

ஹப்பைத் தூக்கிக்கொண்டு காருக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து, வீட்டைச் சுற்றிக் கொல்லைக்குப் போனார். கோச்சடையில் அவர்கள் வீடு தெருவிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. தெருக்கதவிலிருந்து வீட்டு வாசல்வரை ஒரு கார் அகலத்துக்கு நீளமான சந்து. அம்பாசிடரை உள்ளே விட்டால் ஓர் ஆள் நுழைகிற இடம்தான் மிச்சம். இப்போது அந்தக் கார் சந்தின் நடுவே, இடது முன்சக்கரம் இல்லாமல், ஜாக்கியும் இரண்டு கருங்கல்லும் தாங்க நின்றது.

அறுபத்து மூன்றாம் வருஷத்து வண்டி. ஒரு மில் மேனேஜருக்கு நல்லகாமன் பதினாறு வருஷம் ஓட்டிய கார் அது. மேனேஜர் புது வண்டி வாங்கியபோது பழையதை இவருக்கே விட்டுக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு கல்யாணம் காட்சிக்கு வாடகைக்கு ஓட்டினார். ரிப்பேர் எதுவானாலும் வெளியே விடமாட்டார். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது ஓட்டும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். ரெண்டு மாதமாக முன்பக்கம் தேனீ மொய்ப்பதுபோல் ஓர் இரைச்சல். போன வாரம் சீனியம்மாளை ஆஸ்பத்திரியில் காட்டித் திரும்பும்போது பாலத்தின் மேல் அது பெரிய உறுமலாகிவிட்டது. இறங்கிச் சக்கரத்தில் கை வைத்தார். சுட்டது. வீட்டுக்கு வந்து ஜாக்கி ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது லொடலொடவென்று ஆடியது. வியாழக்கிழமை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டவுனுக்குப் போய் உள்ளுக்கும் வெளிக்குமாக இரண்டு பேரிங் வாங்கி வந்து வைத்தார். இன்று செவ்வாய்க்கிழமை, காலையில் பிரித்தார்.

கொல்லைச் சிமெண்டு மேடையில் ஹப்பை வைத்துப் பத்து அடி அடித்திருப்பார். முத்துத்தாய் மறுபடி வந்தாள்.

"கூப்புடுதுப்பா."

அவர் வீட்டுக்குள் போகவில்லை. சந்து வழியாக வந்து வெளியில் நின்றபடியே ஜன்னலில் எட்டிப் பார்த்தார். சீனியம்மாளின் முகம் ஊதியிருந்தது. கால்கள் அதைவிட. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை ஏறி இறங்கியது.

"முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"இந்த வளையம் வர மாட்டேங்குது. வந்துட்டா அரை மணி நேர வேல."

"வியாழக்கெழமைக்குத் தான போறோம். நாளைக்குப் பாத்துக்கிறலாம்ல." அதைச் சொல்வதற்குள் மூன்று தடவை நிறுத்தினாள். "செத்த நேரம் இங்கன வந்து உக்காருங்க."

"கை பூரா கிரீசா இருக்கு."

"இருக்கட்டும்."

"இந்தா, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குத் திரும்பினார்.

போன வாரம் டாக்டர் அவரை மட்டும் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டிருந்தார். இதய வால்வைப் பற்றி என்னவோ சொன்னார். கடைசியில், "வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க, பார்ப்போம். அதுவரைக்கும் யாராவது பக்கத்துலயே இருங்க" என்றார். சொன்ன விதத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. மகளிடமும் அதைச் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லி வில்லாபுரத்திலிருந்து வரவழைத்தார். அவள் தன் இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த அறைக்குள் முத்துத்தாய்தான் இருந்தாள். அவருக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது, இளநீர் வாங்க வேண்டியிருந்தது, பிளக்கைத் துடைக்க வேண்டியிருந்தது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. உள்ளே போனால் அந்த மூச்சுச் சத்தம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர அங்கே அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தார். கால் மணி நேரத்தில் அவருடைய மூச்சும் அவளுடைய மூச்சோடு சேர்ந்து இழுபட ஆரம்பித்தது. எழுந்து வந்துவிட்டார்.

பதினொன்றே காலுக்கு வளையம் அசைந்தது. இன்னும் நாலடி. சிமெண்டில் கணீரென்று விழுந்து உருண்டது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குண்டுகள் ஓடும் தடம் முழுக்க அம்மைத் தழும்புபோல் பொரிந்திருந்தது. கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஹப்பின் உட்புறத்தைக் கழுவத் தொடங்கினார்.

"அப்பா."

இந்த முறை அவள் வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சந்து வழியாக ஜன்னலுக்கு வந்தார்.

சீனியம்மாள் இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் அவரைப் பார்த்தது, பிறகு எங்கேயோ போனது, மறுபடி அவரிடம் வந்தது.

"வண்டிய எடுங்கப்பா" என்றாள் முத்துத்தாய். சொன்ன பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. ஜன்னல் வழியாகக் கல்லின் மேல் நிற்கும் காரைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

நல்லகாமன் ஓடினார். செருப்பில்லாமல், சட்டையில்லாமல், பனியனோடு ஓடினார். தெருமுனை தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய் நின்றார். டவுன் பஸ் ஒன்று போனது. வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி போனது. ஒரு கார் வந்தது. கை காட்டினார். கிரீஸ் பிடித்த கையும் பனியனுமாக நடுரோட்டில் நின்ற ஆளைப் பார்த்து, ஓட்டி வந்தவன் ஒதுங்கிப் போய்விட்டான். பிறகு டவுன் பக்கமாக ஓடினார். ரொம்ப தூரம் ஓடிய பிறகு ஒரு பெட்டிக்கடை முன்னால் ஆட்டோ ஒன்று நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தான். இவர் மூச்சிரைக்க வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அவன் கிளாஸை வைத்துவிட்டு, "ஏறுங்கண்ணே" என்றான்.

தெருவுக்குள் திரும்பும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். காரைச் சுற்றி நுழைய முடியாமல் ஒவ்வொருத்தியாகச் சேலையை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டோக்காரன் இன்ஜினை நிறுத்தினான். வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய், அங்கே வைத்து ஸ்டார்ட் செய்தான்.

முத்துத்தாய் அம்மாவின் தாடையைச் சேலைக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றார்.

"எப்ப?" என்றார்.

"நீங்க போயி கொஞ்ச நேரத்துலயே."

"ஏதாச்சும் சொன்னாளா?"

முத்துத்தாய் முடிச்சைப் போட்டு முடித்தாள். "நீங்க ஓடுறத ஜன்னல்ல பாத்துச்சு. ஓட வேணாம்னு சொல்லு, ஓட வேணாம்னு சொல்லுன்னுச்சு. நான் வெளிய வந்து கத்துனேன். நீங்க தெரு தாண்டிட்டீக."

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. மருமகன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தான். மூன்று மணிக்குக் கீழக்குயில்குடியிலிருந்து சீனியம்மாளின் தம்பி கருத்தக்கண்ணன் ஆட்களோடு வந்தான். அவனுடைய பெண்டாட்டிக்குக் குழந்தை பிறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அவள் வரவில்லை. அவன் உள்ளே போய் அக்காளின் காலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வெளியே வந்து காரின் அருகே நின்றான். கல்லைப் பார்த்தான். சக்கரம் இருந்த இடத்தைப் பார்த்தான்.

தெருவில் பாடை கட்டியாகிவிட்டது. கொட்டுக்காரர்கள் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பெரியவர் ஒருவர் சந்தின் வாயில் நின்று கேட்டார்:

"எப்படிப்பா வெளிய கொண்டு வர்றது? வண்டி வழிய அடச்சு நிக்குதே."

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். காருக்கு மேலே தூக்கிக் கைமாற்றிக் கொண்டுவரலாம் என்றான் ஒருவன். சுவரில் ஒரு பக்கத்தை இடித்துவிடலாம் என்றான் இன்னொருவன். கருத்தக்கண்ணன், "பத்துப் பேரு கை போட்டா வண்டியத் தூக்கித் தெருவுல வச்சிரலாம்" என்றான்.

"வேணாம்" என்றார் நல்லகாமன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அரை மணி நேரம் குடுங்க. சக்கரத்த மாட்டிர்றேன்."

அவர் கொல்லைக்குப் போய் ஹப்பை எடுத்து வந்தார். மண்ணெண்ணெய் காய்ந்து அதில் தூசி படிந்திருந்தது. மறுபடி கழுவினார். துணியால் துடைத்தார். புதுப் பேரிங்கின் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தார். உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, குண்டுகளுக்கு நடுவே கிரீஸ் அந்தப் பக்கம் பிதுங்கி வரும்வரை திணித்தார். வீட்டுக்குள்ளிருந்து ஒப்பாரி கேட்டது. யாரோ ஒருத்தி அவர் பெயரைச் சொல்லி, கட்டிய புருஷன் காரோட்டி வந்தாலும் கடைசிப் பயணத்துக்குக் காரில்லையே என்று பாடினாள். அவர் பேரிங்கை ஹப்பில் வைத்து, மரக்கட்டையை மேலே கொடுத்துச் சுத்தியலால் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

கருத்தக்கண்ணன் அவருக்குப் பக்கத்தில் வந்து குத்த வைத்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"இன்னைக்கு எதுக்கு மச்சான் இதப் பிரிச்சீக?"

"வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல மாப்ள."

"பத்து நாளா அக்கா மூச்சுக்கு அல்லாடிக்கிட்டுக் கெடந்திருக்கு. முத்துத்தாயி சொல்றா. நீங்க எங்க இருந்தீக?"

"இங்கனதான் இருந்தேன்."

கருத்தக்கண்ணன் அவர் முகத்தையே பார்த்தான். எழுந்து போனான்.

ஹப்பைத் தண்டில் ஏற்றினார். வெளி பேரிங்கை நுழைத்தார். வாஷரைப் போட்டு நட்டை முறுக்கினார். நன்றாக இறுக்கி, பிறகு ஒரு பல் அளவுக்குத் தளர்த்தினார். கையால் டிரம்மைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"போதும்ப்பா" என்றார் பெரியவர். "தெருவரைக்கும் உருண்டா போதும். பொழுது எறங்குது."

"பின்னு போடணும்" என்றார்.

நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் பின்னைச் சொருகத் தண்டிலிருந்த துளையும் நட்டின் பல்லும் நேராக வரவில்லை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று நகர்த்திப் பார்த்தார். அந்தப் பின் கைதவறி மண்ணில் விழுந்தது. தேடினார். வெயில் சாய்ந்து, காரடியில் நிழல் விழுந்துவிட்டது. அவர் மண்டியிட்டு மண்ணைத் தடவிக்கொண்டிருந்ததைச் சந்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முத்துத்தாய் வாசலிலிருந்து இறங்கி வந்தாள். அவிழ்ந்த தலைமுடியோடு அவருக்கு எதிரே உட்கார்ந்து அவளும் தேடினாள். அவள்தான் எடுத்தாள். சேலையில் துடைத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சொருகி, முனைகளை விரித்து மடக்கினார். சக்கரத்தை மாட்டி, நாலு நட்டையும் முறுக்கி, ஜாக்கியை இறக்கினார். கல்லை உருவி எறிந்தார்.

ஆறு பேர் தள்ளினார்கள். கார் தெருவுக்குப் போய் ஓரமாக நின்றது.

குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். அவர் கையை மண்ணெண்ணெயால் கழுவினார். சீயக்காய் போட்டுக் கழுவினார். மணலை அள்ளித் தேய்த்தார். நகக்கண்ணிலும் ரேகையிலும் இருந்த கருப்பு போகவில்லை. "போதும், வாங்க மச்சான்" என்று யாரோ கூப்பிட்டார்கள். ஈரக்கையில் அரிசியை அள்ளி அவள் வாயருகே கொண்டு போனார். விழுந்த அரிசியில் நாலைந்து மணிகள் மட்டும் கருப்பாக இருந்தன. அவற்றை எடுத்துவிடலாமா என்று குனிந்தார். அதற்குள் பின்னால் நின்றவர்கள் தோளைப் பிடித்து நகர்த்தி, அடுத்த ஆளை விட்டார்கள்.

ஆற்றோரத்தில் அடக்கம் செய்து, வைகை மணலில் தோண்டியிருந்த ஊற்றில் குளித்துத் திரும்பும்போது ஆறரை தாண்டிவிட்டது. வெளியூர் ஆட்கள் வந்த பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். கருத்தக்கண்ணன் மட்டும் நேரம் பார்க்காமல் தங்கிவிட்டான். கீழக்குயில்குடிக்கு இனி பஸ் இல்லை. வீட்டில் பச்சை உடம்புக்காரி தனியாக இருக்கிறாள்.

"நடந்தே போயிருவேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டான்.

நல்லகாமன் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

"இன்னைக்கு நீங்க எங்கிட்டும் போகக் கூடாதுப்பா" என்றாள் முத்துத்தாய். அவர் நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெரசா வந்துருங்க" என்றாள்.

கருத்தக்கண்ணன் முன்னால் உட்காரவில்லை. பின் கதவைத் திறந்து ஏறினான். கார் ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போனது. நாற்று நட்ட வயல்களில் தண்ணீர் மங்கலாகத் தெரிந்தது. தூரத்தில் சமணர் மலை கறுத்துப் படுத்திருந்தது. ரெண்டு மாதமாகக் காருக்குள் பேசினால் சரியாகக் கேட்காது. அந்த இரைச்சலைச் சாக்கு வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் அவரும் சீனியம்மாளும் பேசாமலே இருந்திருக்கிறார்கள். இப்போது டயர் மண்ணில் உருளும் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. பின்னால் கருத்தக்கண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"டாக்டரு எங்கிட்ட சொன்னாரு மாப்ள" என்றார் நல்லகாமன்.

"என்ன சொன்னாரு?"

"பக்கத்துலயே இருங்கன்னு."

கருத்தக்கண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தான். கீழக்குயில்குடி எல்லை ஆலமரம் வந்தது. அங்கே, "இங்கன நிப்பாட்டுங்க, நடந்துக்கிறேன்" என்றான். இறங்கிக் கதவைச் சாத்தினான். இரண்டடி போனவன் திரும்பி வந்து, ஓட்டுகிறவரின் பக்கத்து ஜன்னலில் கை வைத்து நின்றான்.

"அத முத்துத்தாயிகிட்ட சொல்லிராதீக" என்றான்.

"இல்ல."

"என்னைக்கும்."

"சரி மாப்ள."

அவன் போய்விட்டான். கொஞ்ச தூரத்தில் அவன் வீட்டுப் பக்கமிருந்து கைக்குழந்தை வீறிடுவது கேட்டது. நல்லகாமன் வண்டியைத் திருப்பினார்.

வரும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. போடிக்குப் போகும் ரயில். அவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். முன்னால் ஒரு சைக்கிள்காரன், பின்னால் ஓர் ஒற்றை மாட்டுவண்டி. ரயில் வந்தது. பெட்டிகளின் வெளிச்சம் கட்டம் கட்டமாகக் காருக்குள் விழுந்து ஓடியது. ஒரு ஜன்னலில் ஒரு பெண் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ரயில் போய்விட்டது. கேட் திறந்தது.

சைக்கிள்காரன் ஏறிப் போனான். கார் நகரவில்லை. மாட்டுவண்டிக்காரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டியை ஒடித்து ஓரமாகத் திருப்பிக் கடந்து போனான். பச்சை விளக்கைப் பிடித்தபடி கேட்காரர் காரருகே வந்தார்.

"கேட்டு தொறந்தாச்சுண்ணே" என்றார்.

விளக்கைத் தூக்கி உள்ளே பார்த்தார். நல்லகாமன் ஸ்டீயரிங்கில் முகம் கவிழ்த்து விம்மிக்கொண்டிருந்தார். கேட்காரர் விளக்கைக் கீழே இறக்கினார். அடுத்த ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. அவர் திரும்பிப் போய், திறந்த கேட்டுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, மடியிலிருந்து பீடியை எடுத்துப் பற்ற வைத்தார்.